மரை கழன்ற கதை

புத்தி சற்றுப் பிசகிய மனிதரைப் பற்றிப் பேசும்போது, "அவருக்கு ஒரு மரை கழன்றுவிட்டது" என்று சொல்வது நம்மவர் வழக்கம். இந்த வாசகத்தை முதன் முதலில் சொன்ன புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் அவர் யந்திரங்களோடு நன்றாய்ப் பழகியவராகத்தான் இருக்க வேண்டும். ஏனெனில், மரை கழன்ற யந்திரம் உடனே நின்றுவிடுவதில்லை. அது ஓடுகிறது. வேலையும் செய்கிறது. பார்ப்பவர்களுக்கு அதனிடம் ஒரு குறையும் தெரிவதில்லை. ஆயினும், எந்த நிமிஷத்தில் அது என்ன செய்யும் என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. மரை கழன்ற மனிதரின் இலட்சணமும் ஏறக்குறைய இதுதான் அல்லவா?

இந்த வாரம் நாம் எடுத்துக்கொண்டிருப்பது மனிதர்களுடைய மரையை அல்ல. மோட்டார் வண்டிச் சக்கரத்தின் மரையை. பட்டறைக்காரர்கள் இதை 'நட்டு' என்கிறார்கள். நாமும் இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி உபயோகிப்பதை நேயர்கள் மன்னிக்க வேண்டும். கேள்வி மிகவும் சுருக்கமானது: சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் நாலு நட்டுக்களில் ஒன்று காணாமற் போய்விட்டால், அந்த வண்டியை ஓட்டலாமா, கூடாதா?

'இது என்ன கேள்வி? மெக்கானிக்கைக் கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவாரே!' என்று நேயர்கள் நினைக்கலாம். வாஸ்தவம். நாமும் ஒருவரைக் கேட்டோம். அவர் ஒரு வார்த்தையில்தான் பதில் சொன்னார். அந்த ஒரு வார்த்தையால் வந்த வினையைச் சொல்வதற்காகவே இந்தப் பக்கத்தை நிரப்பத் துணிந்தோம்.

தேரும் காரும்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் பெரியோர் மொழி. வள்ளுவரும் வினைத்திட்பம் என்ற அதிகாரத்தில், உருவத்தைக் கண்டு ஒருவரை இகழக்கூடாது என்று சொல்வதற்கு, பெரிய தேரைத் தாங்கும் சிறிய அச்சாணியையே உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். கட்டை வண்டி ஓட்டிய நம் பாட்டனார் காலத்தில், வண்டி பூட்டுமுன் கடையாணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூக்கணாங் கயிற்றைப் பிடிப்பார்கள்.

ஆனால், தேருக்கும் காருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. தேருக்கு அச்சாணி ஒன்றே. அது இல்லாவிட்டால் மூன்று சாண் தூரத்துக்குள்ளாகவே சமாசாரம் தெரிந்துவிடும். காருக்கோ சக்கரத்துக்கு நாலு நட்டு, ஐந்து நட்டு, ஆறு நட்டு என்று வைத்திருக்கிறார்கள். ஒன்று போனால் வண்டி முச்சாண் அல்ல, முப்பது கிலோமீட்டர் ஓடும். முந்நூறு கிலோமீட்டரும் ஓடும். பார்க்கப்போனால், அபாயமே அதில்தான் இருக்கிறது. உடனே தண்டிக்கும் தவற்றை மனிதன் இரண்டாவது தடவை செய்வதில்லை. சாவகாசமாகத் தண்டிக்கும் தவற்றையோ வழக்கமாகவே வைத்துக்கொண்டுவிடுகிறான்.

நாமக்கல் பிரயாணம்

நம்மிடம் ஒரு மாருதி 800 உண்டு. 1983-ம் வருஷத்தில் இந்நாட்டுச் சாலைகளுக்கு வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன அந்தச் சிறிய வண்டியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம்முடையது நம்மைப் போலவே நடுவயதைத் தாண்டியது. சக்கரத்துக்கு நாலு நட்டு.

சில வருஷங்களுக்கு முன் நாமக்கல்லில் நெருங்கிய உறவினர் வீட்டுக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஆறு மணிக்கு மேல் ஏழரை மணிக்குள். சேலத்திலிருந்து நாலு மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று நம் இல்லத்தரசியார் முதல் நாள் இரவே உத்தரவு போட்டுவிட்டார். கிளம்பினோம். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் இடது பக்கத்துப் பின் சக்கரம் காற்றில்லாமல் தரையோடு தரையாகிவிட்டது.

நெடுஞ்சாலை ஓரத்தில் இரவு முழுவதும் விளக்கெரியும் பஞ்சர் கடை ஒன்று தெய்வாதீனமாகக் கிடைத்தது. கடைக்காரர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, ஆணியைப் பிடுங்கி, ஒட்டுப் போட்டு, மறுபடியும் மாட்டினார். மாட்டும்போது அவர் கைவிரலிலிருந்து ஒரு நட்டு நழுவிற்று. அது ஒரு தடவை துள்ளிற்று; இரண்டு தடவை உருண்டது; சாலையோரத்துச் சாக்கடையில் 'களுக்' என்ற சத்தத்துடன் விழுந்து மறைந்தது.

நாமும் அவரும் டார்ச்சு விளக்கைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாக்கடையைச் சற்று நேரம் பார்த்தோம். பிறகு அவர் நம்மைப் பார்த்தார். நாம் கைக்கடிகாரத்தைப் பார்த்தோம்.

"மூணு நட்டு போதுமாப்பா?" என்று கேட்டோம்.

"போதும் சார்" என்றார்.

இதுதான் நாம் மேலே குறிப்பிட்ட ஒரு வார்த்தைப் பதில். அந்த மனிதரை நாம் குறை சொல்வதற்கில்லை. அவர் சொல்ல வேண்டும் என்று நாம் எதை விரும்பினோமோ, அதை அவர் சொன்னார். கேள்வியின் தொனியிலேயே பதிலைப் பொதிந்து கேட்பது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர்களுக்கு மட்டும் உரிய வித்தை அல்ல.

போனோம். முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாகவே கல்யாண மண்டபத்தை அடைந்தோம். நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன ஊர். லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறைகள் அங்கே தெருவுக்குத் தெரு இருக்கின்றன. பந்தியில் நமக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் லாரி முதலாளிகள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு நட்டு அல்ல, ஒரு கூடை நட்டு வந்து இறங்கியிருக்கும். ஆனால் நாம் வாயைத் திறந்தது ஜாங்கிரிக்கு மட்டுமே. வண்டிதான் சத்தமில்லாமல் வந்து சேர்ந்துவிட்டதே! மூன்று நட்டுப் போதும் என்பது பிரத்தியட்சமாக நிரூபணமாகிவிட்டதாகவே நம் மனம் தீர்மானித்துவிட்டது.

திரும்பியும் வந்தோம். அதன் பிறகு பன்னிரண்டு நாட்கள் பள்ளிக்கூடத்துக்கும் கடைவீதிக்கும் அதே வண்டியில் போய் வந்தோம். ஒன்றும் நேரவில்லை.

நட்டு செய்யும் வேலை என்ன?

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, நட்டு என்பது உண்மையில் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். இதைப் பற்றி நாம் கொண்டிருந்த எண்ணம் முழுத் தப்பு என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம். நேயர்களில் பலருக்கும் அதே எண்ணம் இருக்கக்கூடும்.

சுவரில் ஆணியடித்துச் சட்டையைத் தொங்கவிடுகிறோம். சட்டையின் பாரத்தை ஆணி தாங்குகிறது. அது போலவே, சக்கரத்தின் துவாரங்களின் வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் திருகாணிகள் வண்டியின் பாரத்தைத் தாங்குகின்றன. நட்டு சக்கரம் வெளியே வந்துவிடாமல் காவல் காக்கிறது. இப்படித்தான் நாம் நினைத்திருந்தோம். சரியாக முடுக்கப்பட்ட சக்கரத்தில் விஷயம் அப்படி அல்ல.

நட்டை முடுக்கும்போது திருகாணி கண்ணுக்குத் தெரியாத அளவு இழுபட்டு நீளுகிறது. இழுபட்ட ரப்பர் எப்படிச் சுருங்கப் பார்க்குமோ, அப்படி அந்த இரும்பும் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருங்கும் பலம் சக்கரத்தை அச்சின் தட்டோடு சேர்த்து அமுக்குகிறது. எவ்வளவு பலத்தோடு அமுக்குகிறது தெரியுமா? சிறிய காரின் ஒரு நட்டு, சரியான அளவு முடுக்கினால், ஏறக்குறைய மூன்று முதல் நாலு டன் பாரத்துக்குச் சமமாக அமுக்குகிறது. நாலு நட்டும் சேர்ந்தால் பன்னிரண்டு டன்னுக்கு மேல்! இந்த இறுக்கத்தினால் சக்கரத்துக்கும் தட்டுக்கும் இடையே உண்டாகும் உராய்வுதான் வண்டியின் பாரத்தையும், பிரேக்கின் இழுப்பையும், வளைவில் ஏற்படும் தள்ளலையும் தாங்குகிறது. திருகாணிகளின் மேல் சக்கரம் தொங்கவே கூடாது. என்றைக்கு அது தொங்க ஆரம்பிக்கிறதோ, அன்றைக்கே அவற்றின் ஆயுள் எண்ணப்படுகிறது.

இப்போது மூன்று நட்டுக் கணக்கைப் பார்க்கலாம். நாலில் ஒன்று போனால் மொத்த இறுக்கத்தில் கால் பாகம் குறைகிறது. மிச்சமுள்ள மூன்றின் மேலும் மூன்றில் ஒரு பங்கு சுமை கூடுகிறது; அதுவும் சமமாகக் கூடுவதில்லை. காணாமற் போனதற்கு இரண்டு பக்கமும் உள்ள நட்டுக்களே அதிகம் கஷ்டப்படுகின்றன. ஐந்து நட்டுச் சக்கரமானால் ஐந்தில் ஒரு பாகம் குறைகிறது. மற்றவற்றின் சுமை காலே காலாகக் கூடுகிறது. வண்டி கட்டுகிறவர்கள் தேவைக்கு மேல் தாராளமாகப் பலம் வைத்தே கட்டுகிறார்கள். ஆகையால் மற்ற மூன்றும் நன்றாக முடுக்கப்பட்டிருந்தால், சக்கரம் அந்த நிமிஷமே கழன்று ஓடிவிடாது. பஞ்சர் கடைக்காரர் சொன்னதில் இருந்த உண்மை இவ்வளவுதான்.

'மற்ற மூன்றும் நன்றாக முடுக்கப்பட்டிருந்தால்' என்றோமே, அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. சக்கரத்துக்கும் தட்டுக்கும் இடையே துருவோ, சேறோ, கனத்த பெயிண்ட்டோ இருந்தால், கொஞ்ச தூரம் ஓடியதும் அது நசுங்கிப் படிந்துவிடும். திருகாணியின் நீட்சி எள்ளளவுதான். ஆகவே எள்ளளவு படிந்தாலும் இறுக்கத்தில் பெரும் பங்கு போய்விடுகிறது. இறுக்கம் போனதும் சக்கரம் தட்டின் மேல் மயிரிழை அளவு பக்கவாட்டில் நழுவத் தொடங்குகிறது. இப்படிப் பக்கவாட்டில் நழுவும் இணைப்பில் நட்டு தானாகவே பின்னோக்கிச் சுழன்று கழலும் என்பதை ஜங்கர் என்ற ஜெர்மானிய எஞ்சினீயர் 1969-ம் வருஷத்தில் பரிசோதனை செய்து காட்டினார். யாரும் கழற்ற வேண்டியதில்லை, ஸ்பானரும் வேண்டியதில்லை. சாலையே கழற்றிவிடும்.

இரும்புக்குக் களைப்பு உண்டு என்பது இன்னொரு விஷயம். ஒரு கம்பியைக் கையால் ஒரே இழுப்பில் அறுக்க முடியாது. ஆனால் முன்னும் பின்னும் பத்துத் தடவை வளைத்தால் பட்டென்று ஒடிந்துவிடுகிறது. 1842-ம் வருஷம் மே மாதம், வெர்ஸேல்ஸிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ரயிலின் எஞ்சின் அச்சு இப்படித்தான் களைத்து ஒடிந்தது. உலகைச் சுற்றி வந்த மாலுமியான டியூமான் துர்வில் தம் மனைவியோடும் மகனோடும் அந்த விபத்தில் மாண்டார். சமுத்திரங்களிலே தப்பியவரை ஓர் அச்சு முடித்துவிட்டது. அதன் பிற்பாடுதான், 'நன்றாயிருந்த இரும்பு ஏன் ஒடிகிறது?' என்ற ஆராய்ச்சியில் எஞ்சினீயர்கள் தீவிரமாக இறங்கினார்கள்.

நம் சிறிய வண்டியின் சக்கரம் ஒரு கிலோமீட்டர் ஓடுவதற்கு அறுநூறு தடவைக்கு மேல் சுற்ற வேண்டும். நாமக்கல் போய் வந்தது சுமார் நூறு கிலோமீட்டர். பன்னிரண்டு நாள் உள்ளூர் அலைச்சல் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. பெருக்கிப் பாருங்கள்: 1,20,000 சுற்றுக்கு மேல் ஆகிறது. இறுக்கம் குறைந்த திருகாணியை அத்தனை தடவையும் நாம் வளைத்து வளைத்துப் பார்த்திருக்கிறோம்! 'ஒன்றும் நேரவில்லை' என்று மேலே எழுதினோமே, அது எவ்வளவு பெரிய பொய் என்று இப்போது நேயர்களுக்கு விளங்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவன்

பதின்மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை. மறுநாள் காலையில் நம் தமக்கையாரையும், அவருடைய இரண்டு பேரக் குழந்தைகளையும் ஏற்காட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருப்பது பலருக்கும் தெரிந்திருக்கும். குழந்தைகள் இரண்டும் ஒரு வாரமாகவே அந்த இருபதையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தன.

மாலை பள்ளிக்கூடம் விட்டதும் வண்டியருகில் வந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நம் வண்டியின் பின் சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தான். இந்தப் பையனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணக்குப் பரீட்சையில் அவன் முப்பத்தைந்து மார்க்கைத் தாண்டியதில்லை. "உனக்கு எண்ணவே தெரியாதா?" என்று வகுப்பிலே பலர் முன்னிலையில் அவனை ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறோம். அவன் தகப்பனாருக்கு டயர்க் கடை. மாலை வேளைகளில் பையனுக்கு அங்கேதான் வேலை.

"என்னடா பண்றே அங்கே?" என்றோம்.

எழுந்து நின்றான். "சார், வண்டியை எடுக்காதீங்க" என்றான்.

"ஏன்?"

"நாலு நட்டிலே மூணுதான் இருக்கு சார்."

"அது தெரியும். மூன்று போதுமாம்."

"மூணும் இல்லை சார். இங்கே பாருங்க" என்று சொல்லி, ஒரு நட்டைச் சுற்றி மெல்லிய கோடுகளாகப் படிந்திருந்த செம்பொடியைச் சுட்டிக் காட்டினான். "இது சேறு இல்லை சார். இரும்போடு இரும்பு தேய்ஞ்சா இந்தப் பொடி வரும். வீல் உள்ளே ஆடுது." பிறகு அந்த நட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருகினான். வீட்டில் ஊறுகாய் ஜாடியின் மூடி சுழலுவதைப் போல் அது சுழன்றது.

நமக்கு உள்ளங்கால் சில்லிட்டுவிட்டது.

"எங்கப்பாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன் சார். அதுவரைக்கும் சாவி என்கிட்டேயே இருக்கட்டும்" என்றான். மாணவன் ஆசிரியரிடம் சாவியைப் பிடுங்கிக்கொள்வது எந்தப் பள்ளிக்கூடத்து ஒழுங்கு விதிகளுக்கும் ஒத்ததல்ல. ஆயினும், நாம் மறு பேச்சுப் பேசாமல் கொடுத்தோம்.

தகப்பனார் வந்து சக்கரத்தைக் கழற்றினார். வட்டமாக இருக்க வேண்டிய துவாரங்களில் இரண்டு, முட்டை வடிவமாக நீண்டிருந்தன. ஒரு திருகாணியின் அடியில் மயிரிழை போன்ற விரிசல். அவர் அதைக் குறட்டால் பிடித்து லேசாக ஒரு வளைப்பு வளைத்தார். ஒடிந்து கையோடு வந்துவிட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. அந்தத் துண்டை நம் உள்ளங்கையில் வைத்துவிட்டு, புதுத் திருகாணிகளை எடுத்துவரக் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் ஏற்காடு போகவில்லை. குழந்தைகள் அழுதன. "வாக்குக் கொடுத்துவிட்டு இப்படிச் செய்யலாமா, தம்பி?" என்று தமக்கையார் கேட்டார். காரணத்தைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. அவர் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறோம். அந்தக் கேள்வி கேட்கும்போது அவருடைய இரண்டு பக்கத்திலும் இரண்டு குழந்தைகளும் நின்றிருந்தார்கள். நம் சட்டைப் பையில் அந்த ஒடிந்த துண்டு இருந்தது.

பெரிய இடத்திலும் நடப்பதுதான்

நம்மைப் போன்ற வாத்தியார்களுக்கு மட்டும் இப்படி நேருவதில்லை. 1991-ம் வருஷம் போர்த்துகீசிய நாட்டில் நடந்த மோட்டார்ப் பந்தயத்தில், நைஜல் மான்ஸெல் என்ற ஆங்கிலேயர் முதலாவதாகப் போய்க்கொண்டிருந்தார். டயர் மாற்றுவதற்காக நிறுத்தினார். அந்த வண்டிகளில் சக்கரத்துக்கு ஒரே ஒரு பெரிய நட்டு. ஒரு பெரிய கோஷ்டி சேர்ந்து சில விநாடிகளில் நாலு சக்கரத்தையும் மாற்றினார்கள். அந்த அவசரத்தில் வலது பின் சக்கரத்து நட்டு சரியாக மாட்டப்படவில்லை. வண்டி புறப்பட்ட மறு கணமே சக்கரம் தனி வழியே உருண்டது. சிப்பந்திகள் ஓடிப்போய், விதிக்கு விரோதமாக நடு வழியிலேயே வேறு சக்கரம் மாட்டியதால், அவர் பந்தயத்திலிருந்தே விலக்கப்பட்டார். அவ்வருஷத்து உலகச் சாம்பியன் பட்டம் பிரேஸில் தேசத்து ஸென்னாவுக்குப் போயிற்று. மான்ஸெல் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கே அவசரம் இருக்கிறதோ, அங்கே நட்டு நழுவுகிறது.

ஓடும் லாரியிலிருந்து கழன்ற சக்கரம் மிகப் பயங்கரமானது. அதற்குப் பிரேக் கிடையாது. எதிரே வருபவர் யாராயிருந்தாலும் அதற்கு ஒன்றுதான். கானடா தேசத்து ஒண்டேரியோ மாகாணத்தில் 1990-களின் மத்தியில் இப்படிப் பறந்து வந்த சக்கரங்களால் ஒரு பாவமும் அறியாதவர்கள் உயிரிழந்தார்கள். ஜனங்கள் கொதித்தெழுந்ததன் பேரில் 1997-ல் அங்கே சட்டம் வந்தது. லாரிச் சக்கரம் சாலையில் கழன்று விழுந்தால், 'நான் எல்லா ஜாக்கிரதையும் எடுத்துக்கொண்டேன்' என்ற சமாதானம் கோர்ட்டில் செல்லாது. அபராதம் 50,000 டாலர் வரை போகலாம். நம் நாட்டிலும் 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, அபாயகரமான பழுதுள்ள வண்டியை ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. பழுது தெரிந்திருந்தால் மட்டும் அல்ல. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதானாலும் குற்றமே. கவனமாய்ப் பார்க்காதவரும் சட்டத்தின் கண்ணில் தப்ப முடியாது.

அப்படியானால் என்ன செய்வது?

நாலு நட்டையும் இழந்து நடு வழியில் திகைத்து நின்றவனுக்கு, மதில் மேலிருந்து எட்டிப் பார்த்த மனநோய் ஆஸ்பத்திரி நோயாளி ஒருவர் யோசனை சொன்ன பழைய கதை எல்லாருக்கும் தெரியும்: மற்ற மூன்று சக்கரங்களிலிருந்தும் ஒவ்வொரு நட்டை எடுத்து இதற்குப் போட்டுக்கொள்! இந்த யோசனை சரிதானா என்று டயர்க் கடைக்காரரையே கேட்டோம். "ஊர் போய்ச் சேர அல்ல சார், கடை போய்ச் சேர" என்றார். இதற்கு மேல் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. வேறு வழியே இல்லாத இடத்தில் ஒரு நட்டுக் குறைந்த சக்கரத்தோடு, மற்றவற்றை நன்றாய் முடுக்கிக்கொண்டு, மெதுவாக அடுத்த பட்டறை வரையில் போகலாம். அதிவேகச் சாலையும், மலைப்பாதையும், வண்டி நிறைய ஆட்களும் கூடாது. இரண்டு நட்டுப் போயிருந்தாலோ, திருகாணி ஒடிந்திருந்தாலோ, துவாரம் நீண்டிருந்தாலோ வண்டியை அசைக்கக்கூடாது. பட்டறையை வண்டியிடம் வரவழைக்க வேண்டும்.

அவரிடம் நாம் கற்ற மற்றப் பாடங்களையும் சொல்லிவிடுகிறோம். முடுக்கும்போது வரிசையாகச் சுற்றி முடுக்காமல், ஒன்றுக்கு எதிரே உள்ளதை அடுத்தபடியாக முடுக்க வேண்டும். அப்போதுதான் சக்கரம் கோணாமல் படியும். ஜாக்கியில் தூக்கியிருக்கையில் ஓரளவு முடுக்கி, தரையில் இறக்கியபின் முழுதும் முடுக்க வேண்டும். ஸ்பானர் மேல் ஏறி நின்று மிதிப்பதும் தப்பு; அளவுக்கு மிஞ்சி இழுபட்ட திருகாணியும் ஒடியத்தான் செய்யும். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய முடுக்கு அளவு அதன் கைப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கிறது. மரையில் எண்ணெய் விடக்கூடாது. வழவழப்பில் அளவு தெரியாமல் முடுக்கிவிடுவோம். சக்கரம் மாட்டி ஐம்பது முதல் நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் ஒரு முறை எல்லா நட்டையும் சோதிக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே; நம்மில் யாரும் செய்யாததும் இதுவே.

சக்கரம் தளர்ந்தால் அது வாய்விட்டும் சொல்லும். மெதுவாகப் போகும்போது தாளம் தப்பாத 'டக், டக்' சத்தம். வேகத்தில் ஸ்டீரிங்கிலோ ஆசனத்திலோ நடுக்கம். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, இடது ஓரமாய் நிறுத்திவிட வேண்டும். அலங்கார மூடி போட்ட சக்கரமானால் மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அழகுக்காக வைத்தது, இல்லாத நட்டையும் இருப்பது போல் மறைத்துவிடுகிறது.

இவ்வளவு செய்ய எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம். நட்டின் விலையோ ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாது. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்பாகப் போய்ச் சேர்ந்தோம் என்று மேலே பெருமையாகச் சொல்லிக்கொண்டோமே, அதில் பாதியைச் செலவழித்திருந்தால் போதும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும், அந்தப் பையனை எழுந்து நிற்கச் சொன்னோம். வழக்கம் போல் ஏதோ திட்டு விழப் போகிறதென்று அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உனக்கு எண்ணத் தெரியாதா என்று கேட்டது நம் தப்பு. எண்ணத் தெரியாதவர் யார் என்று வெள்ளிக்கிழமை தெரிந்துவிட்டது" என்று எல்லார் முன்னிலையிலும் சொன்னோம். வகுப்பில் மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு விளங்கிற்று.

அடுத்த மாதம் ஏற்காடு போனோம். குழந்தைகள் ஒவ்வொரு வளைவையும் உரக்க எண்ணிக்கொண்டு வந்தார்கள். நாம் கிளம்புமுன்பே எண்ணி முடித்திருந்தோம்: நாலு நாலு பதினாறு.